மலைப் பாதையில் காது அடைப்பது ஏன்?

சித்தூரிலிருந்து குடும்பத்தோடு ஏழுமலையானைத் தரிசிக்கப் போகிறோம். அலிபிரியைத் தாண்டியதும் பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. பாதி வழியில் பேரன் காதைத் தேய்த்துக்கொண்டு, "ஏன் தாத்தா காது அடைக்குது?" என்கிறான். பிறகொரு நாள் அதே கேள்வி வீட்டுப்பாடமாக வருகிறது. ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள ஒரு வரியை அப்படியே எழுதிவிடுகிறான். மார்க்கும் கிடைத்துவிடும். காது அடைத்தது ஏன் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது!

வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பாடம் ஆங்கிலம். "எனக்கு அந்த இங்கிலீஷ் தெரியாதப்பா" என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. தமிழிலேயே சொல்லிப் பார்ப்போம்.

முதலில் பௌதிகம். கீழே நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மீதும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ கனத்தோடு அழுத்துகிறது. திருப்பதி நகரைவிடத் திருமலை சுமார் 700 மீட்டர் உயரம். அங்கே அழுத்தம் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

அடுத்தது உடற்கூறு. காதுத் துவாரத்தின் உட்கோடியில் இருப்பது செவிப்பறை. தெலுங்கில் கர்ணபேரி, ஆங்கிலப் பெயருக்கும் முரசு என்றே பொருள். மூன்று மொழிக்காரர்களும் அங்கே பறையைத்தான் கண்டிருக்கிறார்கள்! தோலுக்குப் பின்னால் காற்று நிறைந்த சிற்றறை. மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், அறைக்குள் இருக்கும் காற்று தோலை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. பறை விறைக்கிறது, ஓசை மங்குகிறது. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழல் ஒன்று போகிறது. 16-ம் நூற்றாண்டு இத்தாலிய வைத்தியர் யூஸ்டாக்கியின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழல் என்பார்கள். சாதாரணமாக மூடியிருக்கும், எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் திறக்கும். பையன் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுப் பாருங்கள்!

ஏறும்போது உள்காற்று எளிதில் வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் தொல்லை அதிகம். ஈரமான காகிதக் குழாயை உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளுமே, அதுபோலக் குழல் ஒட்டிக்கொள்கிறது. ஜலதோஷம் இருந்தால் வீக்கமும் சேர்ந்துகொள்ளும். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுப்பது நல்லது. ஆனால் மலையிறங்கி வந்த பிறகும் வலி நீடித்தாலோ, சீழ் வடிந்தாலோ காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். டாக்டரிடம் காட்டவேண்டும். வீட்டுப்பாடத்துக்குத் தாத்தா விடை சொல்லலாம். சிகிச்சை சொல்லக் கூடாது.

உடற்கூற்றைத் தமிழில் விளக்க முடியுமா என்று சிலர் ஐயப்படுவதுண்டு. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் அவர் முயற்சியால் 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. அயல்நாட்டார் ஒருவர் அவ்வளவு பெரிய நூலையே தமிழில் தந்திருக்கும்போது, செவிப்பறை ஒன்றை விளக்க நாம் தயங்குவானேன்?

ஒன்று மட்டும். விடையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அவன் வாயால் சொல்லட்டும். புரிந்ததா இல்லையா என்பது அடுத்த கேள்வியில் தெரிந்துவிடும். "அழுத்தம் குறைஞ்சா மேலே சோறு வேக நேரமாகுமா தாத்தா?" என்று கேட்டால் பாடம் ஏறிவிட்டது என்று பொருள். ஆகும் என்று சொல்லுங்கள். திருமலையில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.