உங்களுக்குத் தெரியுமா? தேக்காவில் நீளும் மீட்டர்

20 டிகிரிக்குக் குளிரூட்டிய அளவீட்டு அறையில் மிகச் சரியாக 1 மீட்டர் இருக்கும் எஃகுத் தண்டு, 30 டிகிரி வெப்பத்தில் சிங்கப்பூரின் தேக்கா சந்தை வாசலில் கிடந்தால் சுமார் 0.115 மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஒரு தலைமுடியின் பருமனைவிட அதிகம்!

• பொருள்களின் நீளத்தை 20 டிகிரி செல்சியஸில் கணக்கிடுவது 1931 முதல் சர்வதேச வழக்கம். சிங்கப்பூர் வெளிக்காற்று அந்த அளவுக்குக் குளிர்வது அபூர்வத்திலும் அபூர்வம். 1989 பிப்ரவரியில் பாய லேபாரில் 19 டிகிரி பதிவானது.

• ஆகவே ‘சி.எம்.எம்.’ எனப்படும் முப்பரிமாண அளவீட்டு இயந்திரங்களுக்கு வெப்பம் மாறாத அறை வேண்டும். கருங்கல் மேசை, அளக்கும் முனையில் குட்டி மாணிக்க உருண்டை. அது தொட்ட கணமே அந்தப் புள்ளியின் இடம் மூன்று திசைகளிலும் பதிவாகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகும் இங்கே கணக்கில் வரும்.

• தொட்டதும் சமிக்ஞை தரும் அந்த அருமையான முனையை 1972இல் வடிவமைத்தவர் ரோல்ஸ்ராய்ஸ் பொறியாளர் டேவிட் மெக்மர்ட்ரி. கான்கார்டு விமான எஞ்சினின் மெல்லிய எரிபொருள் குழாய்களை அளக்கத்தான்! அதே ரோல்ஸ்ராய்ஸ் 2012இல் சிலேத்தாரில் வளாகம் திறந்தது. ட்ரென்ட் விமான எஞ்சின்களுக்கான டைட்டானிய விசிறித் தகடுகள் அங்கே உருவாகின்றன.