கரி உலையில் பிறக்கும் லேத்

லேத் எனும் கடைசல் இயந்திரத்தை விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பழைய உலோகத்திலிருந்தே செய்துகொள்ளலாம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஜிஞ்சரி, அதற்கான வழியை 7 நூல்களில் படிப்படியாக எழுதிவைத்தார்.

முதலில், வாளிக்குள் மணலும் களிமண்ணும் பூசிய கரி உலை. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதை மண் அச்சில் வார்த்தால் லேத்தின் பாகங்கள் கிடைக்கும். லேத்தின் அடித்தளமான பெட்டின் மேல், நீலச்சாயம் பூசிய சமதளத் தட்டை வைத்துத் தேய்த்தால் சாயம் படியும் மேடுகளைக் கையால் சுரண்டிச் சமன்செய்ய வேண்டும். பாதி முடிந்த லேத், தன் மீதிப் பாகங்களைத் தானே கடைய உதவும். உலோகத்தைச் சீவும் ஷேப்பர், மில்லிங் இயந்திரம் எல்லாம் அதன்பிறகுதான்.

ஒன்றை மறக்காதீர்கள்: உருகிய உலோகம் ஈரத்தில் பட்டால் வெடித்துச் சிதறும். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்!