இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு என்பது 1944 முதல் 1947 வரை சென்னை மாகாணத்தில் நடைபெற்ற ஒரு குற்றவியல் வழக்காகும். திரைப்படத்துறையினரைப் பற்றி அவதூறு எழுதி வந்த இதழாசிரியர் சி. என். இலட்சுமிகாந்தன் கொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற நடிகரும் பாடகருமான எம். கே. தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றனர். பின்னர் இருவரும் மேல்முறையீட்டில் விடுதலையாயினர். ஒருவருடைய புகழ் அவருக்குக் கிடைக்கும் நீதியை எவ்வாறு பாதிக்கிறது, நீதிமன்றம் விடுவித்தபின் அப்புகழ் திரும்பக் கிடைக்கிறதா என்னும் இரு கேள்விகளுக்கும் தமிழகத்தில் கிடைக்கும் முதன்மையான எடுத்துக்காட்டு இவ்வழக்காகும்.

பின்னணி

தியாகராஜ பாகவதர் 1934 இல் வெளிவந்த பவளக்கொடி படத்தின் மூலம் திரைக்கு வந்தார். சிந்தாமணி (1937), அம்பிகாபதி (1937), திருநீலகண்டர் (1939), சிவகவி (1943) ஆகிய படங்கள் அவரைப் பெரும் நட்சத்திரமாக்கின. நாகர்கோவிலைச் சேர்ந்த என். எஸ். கிருஷ்ணன், தம் மனைவி டி. ஏ. மதுரத்துடன் இணைந்து நகைச்சுவைக் காட்சிகளில் நடித்துப் புகழ் பெற்றவர். கலைவாணர் என அழைக்கப்பட்டவர்.

இலட்சுமிகாந்தன் "சினிமா தூது" என்னும் இதழை நடத்தி வந்தார். நடிகர் நடிகையரின் தனி வாழ்க்கையைப் பற்றிய கிசுகிசுக்களே அதன் முக்கிய உள்ளடக்கம். பாகவதர், கிருஷ்ணன், கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோ உரிமையாளர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும், இதழின் உரிமத்தை நீக்கக் கோரிச் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனு அளித்தனர். உரிமம் நீக்கப்பட்டது. எனினும் இலட்சுமிகாந்தன் "இந்து நேசன்" என்னும் வேறோர் இதழின் வழியாகத் தம் எழுத்தைத் தொடர்ந்தார்.

கொலையும் கைதும்

நவம்பர் 8, 1944 அன்று சென்னை வேப்பேரியில் கை ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் மறுநாள் இறந்தார். அடுத்த சில வாரங்களில் காவல்துறையினர் பலரைக் கைது செய்தனர். ஆளுநரிடம் மனு அளித்த மூவர் மீதும் கொலைச் சதியில் பங்கு கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. கட்டுரைகளால் ஏற்பட்ட பகையே கொலைக்குக் காரணம் என்பது அரசுத் தரப்பின் வாதம்.

இதே காலத்தில் பாகவதரின் ஹரிதாஸ் திரைப்படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. 1944 தீபாவளிக்கு வெளியான இப்படம் சென்னை பிராட்வே திரையரங்கில் 1946 தீபாவளியையும் கடந்து ஓடியது. கிருஷ்ணனும் மதுரமும் இதில் நடித்திருந்தனர். உயர் நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள ஒரு திரையரங்கில் பக்தராக மக்கள் கண்ட நடிகர், அந்நீதிமன்றத்திலேயே கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவராக நின்றார்.

விசாரணை

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலேய நீதிபதி வியர் மாக்கெட் முன்னிலையில், ஜூரி எனப்பட்ட நடுவர் குழுவுடன் விசாரிக்கப்பட்டது. 1898 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, உயர் நீதிமன்ற விசாரணையில் ஜூரியில் ஒன்பது பேர் இருப்பர். அவர்களுள் அறுவரேனும் ஒருமித்த கருத்துடையவராக இருந்து, நீதிபதியும் அதனை ஏற்றால் தீர்ப்பு வழங்கலாம். ஜூரியினர் தம் முடிவுக்குக் காரணம் கூற வேண்டியதில்லை. எனவே நாளிதழ்களும் வதந்திகளும் அவர்கள் மனத்தில் எவ்வளவு இடம் பிடித்தன என்பதைத் தீர்ப்பைக் கொண்டு அறிய இயலாது.

1945 மே மாதம் ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

மேல்முறையீடு

உயர் நீதிமன்றம் ஜூரியுடன் நேரடியாக விசாரித்த வழக்குகளில் மேல்முறையீடு செய்யும் முறையான உரிமை, 1943 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் மூலமே (411-அ பிரிவு) ஏற்பட்டது. அதாவது இவ்வழக்கு நடந்தபோது அவ்வுரிமை மிகப் புதியது. இதன்படி செய்யப்பட்ட மேல்முறையீட்டை உயர் நீதிமன்ற அமர்வு தள்ளுபடி செய்தது. பின்னர் வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அதுவே அன்று இந்தியாவுக்கான இறுதி முறையீட்டு மன்றமாகும்.

பிரிவி கவுன்சில் இருவரையும் விடுதலை செய்ததாகச் சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே அது வழக்கைத் திருப்பி அனுப்பியது. மறு விசாரணையின் முடிவில், ஏப்ரல் 1947 இல் இருவரும் விடுதலையாயினர். எதிரிகள் தரப்பில் வாதாடிய வழக்கறிஞர்களுள் வி. எல். எத்திராஜ் குறிப்பிடத்தக்கவர்.

இம்மேல்முறையீடுகளுக்குப் பெரும் பணம் தேவைப்பட்டது. கிருஷ்ணனின் வழக்குச் செலவுக்காகவே மதுரத்தின் முயற்சியில் பைத்தியக்காரன் (1947) என்னும் படம் தயாரிக்கப்பட்டது. பாகவதர் தம் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார். பெயரும் பணமும் இல்லாத ஒரு கைதிக்கு இலண்டன் வரை செல்லும் வழி ஏட்டளவிலேயே திறந்திருந்தது. ஆகவே புகழ் இவ்விருவருக்கும் இருவகையில் செயல்பட்டது எனலாம்: அவதூறுக்கு இலக்காக்கியதும் அதுவே, மேல்முறையீட்டுக்கு வழி செய்ததும் அதுவே.

விடுதலைக்குப் பின்

தீர்ப்பு இருவருக்கும் ஒன்றே. ஆனால் அதன் பின் அவர்கள் வாழ்க்கை வெவ்வேறு திசையில் சென்றது.

பாகவதர் நடித்த மொத்தப் படங்கள் 14. அவற்றுள் ஒன்பது கைதுக்கு முன் வெளிவந்தவை. பின்னர் வந்த ராஜமுக்தி (1948), அமரகவி (1952), சியாமளா (1952), புதுவாழ்வு (1957), சிவகாமி (1960) ஆகிய ஐந்தும் முன்னைய வெற்றியைப் பெறவில்லை. நவம்பர் 1, 1959 அன்று அவர் காலமானார். சிவகாமி அவர் இறந்த பின்னரே வெளியானது.

கிருஷ்ணனோ சி. என். அண்ணாதுரை எழுதிய நல்லதம்பி (1949) படத்தில் நடித்தார். மணமகள் (1951), பணம் (1952) ஆகியவற்றை இயக்கினார். ஆகஸ்ட் 30, 1957 அன்று இறக்கும்வரை மக்கள் செல்வாக்குடன் விளங்கினார்.

இவ்வேறுபாட்டைச் சிறைவாசத்தால் மட்டும் விளக்க முடியாது. பாட்டுக்கு முதலிடம் தந்த புராணப் படங்களின் காலம் முடிந்து, வேலைக்காரி (1949), பராசக்தி (1952) போன்ற வசனப் படங்களின் காலம் தொடங்கியது. பின்னணிப் பாடகர்கள் வந்தபின் நடிகருக்குக் குரல்வளம் கட்டாயமாக இருக்கவில்லை. கிருஷ்ணன் இம்மாற்றத்தோடு சேர்ந்து நடந்தவர். மேலும், பாகவதரின் திரை உருவம் மாசற்ற பக்தனுடையது. சிறை அதற்கு நேர்முரணானது. கிருஷ்ணன் ஏற்றவையோ குறைகளுள்ள சாதாரண மனிதனின் வேடங்கள். அத்தகைய உருவம் சிறைவாசத்தால் எளிதில் உடையவில்லை.

பிற நாட்டு வழக்குகளுடன் ஒப்பீடு

அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள், 1921 இல் வர்ஜீனியா ராப் என்னும் நடிகை இறந்தது தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்டார். மூன்றாம் விசாரணையில், ஏப்ரல் 1922 இல் ஜூரி அவரை விடுவித்தது. ஆறே நாட்களில் திரைத்துறை அமைப்பு அவர் படங்களுக்குத் தடை விதித்தது. அத்தடை அதே ஆண்டு நீக்கப்பட்ட போதிலும் அவர் பழைய நிலையை அடையவில்லை. பாகவதரின் நிலைக்கு மிக நெருங்கியது இவ்வழக்கே.

கால்பந்து வீரரும் நடிகருமான ஓ. ஜே. சிம்சன் வழக்கில் இனம் நடுவிடம் பெற்றது. 1994 இல் டைம் இதழ் அவருடைய காவல்துறைப் படத்தைக் கருமையாக்கி அட்டையில் வெளியிட்டுக் கண்டனத்துக்குள்ளானது. 1995 இல் ஜூரி அவரை விடுவித்தபோது, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அத்தீர்ப்பைப் பெரிதும் வேறுபட்ட கண்களோடு நோக்கினர். 1997 இல் உரிமையியல் நீதிமன்றம் அவரையே இறப்புகளுக்குப் பொறுப்பாளி என முடிவு செய்தது.

சென்னை வழக்கில் பிளவு இத்தகையதன்று. கொலையுண்டவரும் குற்றஞ்சாட்டப்பட்டோரும் இந்தியர். நீதிபதியும் இறுதி மன்றமும் ஆங்கிலேயருடையவை. தண்டித்ததும், பின்னர் விடுதலைக்கு வழி திறந்ததும் ஒரே குடியேற்ற ஆட்சியின் நீதியமைப்பே ஆகும்.

முக்கியத்துவம்

1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறை இடம்பெறவில்லை. இன்று இந்தியக் குற்றவியல் நீதிமன்றங்களில் நீதிபதியே காரணங்களை எழுதித் தீர்ப்பளிக்க வேண்டும். அக்காரணங்களை மேல் நீதிமன்றம் சரிபார்க்க முடியும். ஆனால் பொதுமக்கள் கருத்துக்கு இத்தகைய மேல்முறையீடு கிடையாது என்பதைப் பாகவதரின் பிற்கால வாழ்க்கை காட்டுகிறது.

இவ்வழக்கைப் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் இரு நடிகர்களின் துயரத்தோடு முடிந்துவிடுகின்றன. அவதூறு எழுதியவராயினும் இலட்சுமிகாந்தன் நடுத்தெருவில் குத்திக் கொல்லப்பட்ட ஒரு மனிதர் என்பதும், நடிகர்களின் விடுதலை அக்கொலைக்கு விடையாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை.