நுரை வாளும் நிஜக் காயமும்

"ஐயோ, கால் போச்சு! யாராவது வாங்களேன்!" என்று ஒருவர் தரையில் கிடந்து அலறுகிறார். சுற்றி நூறு பேர் நிற்கிறார்கள். ஒருவரும் அசையவில்லை. என்ன தத்ரூபமான நடிப்பு என்று இரண்டு பேர் ரசித்துப் பார்க்கிறார்கள். வாள் பட்டவர் விழுவதும் துடிப்பதும் உதவி கேட்டுக் கத்துவதும்தான் அந்த விளையாட்டு. அதனால் அங்கே வலியின் குரலுக்கு மதிப்பில்லை. லார்ப் எனப்படும் திறந்தவெளிப் பாத்திர விளையாட்டில் நேரக்கூடிய விபத்துகளைப் பற்றி எது பேசினாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆளுக்கொரு வேடம் கட்டி, காட்டிலும் வயல்வெளியிலும் கூடாரம் போட்டு, இரண்டு மூன்று நாள் அந்தப் பாத்திரமாகவே வாழ்வதுதான் லார்ப். மேடை கிடையாது, எழுதி வைத்த வசனம் கிடையாது, பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது. அமெரிக்காவில் 1977இல் டாகோர்ஹிர் என்ற போர் விளையாட்டுக் குழு தொடங்கியது. இங்கிலாந்தில் 1982இல் செஷையர் மாவட்டத்தின் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் 'ட்ரெஷர் ட்ராப்' என்ற பெயரில் இது வேர் பிடித்தது. இன்று ஜெர்மனியின் புரோக்கெலோ கிராமத்தில் கோடைதோறும் கூடும் கான்க்வெஸ்ட் முகாமுக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கென்றே மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. படிக்கப் போன நம் பிள்ளைகளுக்கும் அங்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் இது எட்டாத உலகம் இல்லை. ஆபத்தும் உரிமையும் தெரிந்து போனால் நல்லது.

நிஜக் காயத்துக்கு விளையாட்டில் வேறெங்கும் வராத தனிச்சொல் வேண்டும். பிரிட்டனில் அது பெரும்பாலும் 'மேன் டவுன்'. அமெரிக்கக் குழுக்களில் 'ஹோல்ட்'. கேட்டவர் உடனே வாளைத் தாழ்த்தி, அதே சொல்லை அடுத்தவர் காதில் விழக் கத்தி, இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பல குழுக்களில் வேடத்துக்குள் வைத்தியரை அழைக்க ஒரு சொல்லும் உண்மையான மருத்துவ உதவியாளரை அழைக்க வேறு சொல்லும் உண்டு. முகாமுக்கு முகாம் இது மாறும். போன முதல் மணி நேரத்தில், ஆயுதம் வாங்குவதற்கு முன்னாலேயே, இந்தச் சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைச் சொல்ல வெட்கப்படவும் வேண்டாம். 'சின்ன அடிதானே, ஆட்டத்தைக் கெடுப்பானேன்' என்று பொறுத்துக்கொண்டவர் மறுநாள் காலையில் கணுக்கால் வீங்கி எழுந்திருக்க முடியாமல் கிடப்பார். அவராவது பரவாயில்லை. தலையில் அடிபட்டுப் பொறுத்துக்கொண்டவர் நிலைதான் கவலைக்குரியது.

மெலட்டூர் பாகவத மேளாவில் இரணியனை வதைக்க நரசிம்மர் வரும்போது, அந்த வேடம் கட்டியவரைச் சிலர் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். வேடக்காரர் பாத்திரத்துக்குள் முழுதாகப் போய்விடலாம். பிடித்திருப்பவர்கள் போகக் கூடாது. லார்ப்பில் அந்த வேலை ரெஃப்ரி எனப்படும் ஆட்ட நடுவருக்கு. அவர் கையில் வாக்கிடாக்கி இருக்கும், முகாம் அலுவலகத்தோடு தொடர்பு இருக்கும். ரெஃப்ரி போதாத முகாம், அல்லது ரெஃப்ரியே வேடம் கட்டிச் சண்டை போடும் முகாம் என்றால் இரண்டு முறை யோசியுங்கள்.

ஆட்டம் நின்றதும் வேலையைப் பிரிக்க வேண்டும். ஒருவர் அடிபட்டவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், இன்னொருவர் ரெஃப்ரியிடம் ஓட வேண்டும், மூன்றாமவர் நுழைவாயிலுக்குப் போய் ஆம்புலன்ஸை வழிகாட்டி அழைத்துவர வேண்டும். கூட்டத்தைப் பார்த்து "யாராவது போங்களேன்" என்றால் யாரும் போகமாட்டார்கள். "சிவப்புத் துண்டு போட்டவரே, நீங்க கேட்டுக்குப் போங்க" என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். முகாம் அலுவலகத்துக்குச் சொல்லாமல் ஆளாளுக்கு ஆம்புலன்ஸை அழைத்தால் வண்டி தவறான கேட்டில் போய் நிற்கும். ஆனால் மூச்சு இல்லை, ரத்தம் நிற்கவில்லை, பக்கத்தில் மருத்துவ உதவியாளரும் இல்லை என்றால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பிரிட்டனில் 999 (112 போட்டாலும் அதே இடத்துக்குப் போகும்), ஜெர்மனி உட்பட ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112.

வயலுக்குக் கதவு எண் ஏது? 'வாட்-த்ரீ-வேர்ட்ஸ்' என்ற செயலி நீங்கள் நிற்கும் மூன்று மீட்டர் சதுரத்தை மூன்று சொல்லில் சொல்லிவிடும். பிரிட்டனின் அவசர சேவைகள் அதைப் பயன்படுத்துகின்றன. சிக்னல் குறைவான இடங்களில் பேச்சு போகாவிட்டாலும் குறுஞ்செய்தி போகலாம். பிரிட்டனில் 999க்குக் குறுஞ்செய்தி அனுப்ப முன்பதிவு தேவை. வீட்டில் இருக்கும்போதே 'ரிஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பிப் பதிந்துகொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ் வந்தால் எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம் நம்மவர்களிடம் அதிகம். பிரிட்டனில் அவசர சிகிச்சைப் பிரிவில் தரும் சிகிச்சை யாராக இருந்தாலும் இலவசம். விசாவோடு உடல்நலக் கட்டணமும் கட்டிய மாணவர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலும் உள்ளூர்க்காரரைப் போலவே பார்க்கப்படுவார். ஜெர்மனியில் அரசுச் சுகாதாரக் காப்பீடு உள்ளவர், மருத்துவத் தேவைக்காக ஆம்புலன்ஸில் போனால் கையிலிருந்து தர வேண்டியது 5 முதல் 10 யூரோ. அந்தப் பயத்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

உதவப் போய் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்பது இன்னொரு பயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015இல் வந்த சட்டம் ஒன்று, அவசரத்தில் துணிந்து உதவியவர் மீது வழக்கு வந்தால் அவர் எந்த நிலையில் அதைச் செய்தார் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் நிலைமை நேரெதிர். முடிந்தும் உதவாமல் போவதுதான் அங்கே குற்றம். தண்டனைச் சட்டம் 323சி பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம்.

இனி ஒரு காட்சி. ஆகஸ்ட் மதியம், ஓர்க் என்ற கற்பனை அரக்கன் வேடத்தில் ஒருவர் மரத்தடியில் சாய்ந்திருக்கிறார். முகம் முழுக்கப் பச்சைச் சாயம். கம்பளிச் சட்டை, அதற்கு மேல் 10 கிலோவைத் தாண்டும் இரும்புச் சங்கிலிக் கவசம். ஏதோ உளறுகிறார். முகம் வெளிறியிருக்கிறதா, உதடு நீலம் பாரித்திருக்கிறதா என்று சாயத்துக்கு மேல் தெரியாது. கீழுதட்டை மெல்ல மடித்து உள்பக்கம் பாருங்கள். கையுறையைக் கழற்றி நகத்தைப் பாருங்கள். "உங்க நிஜப் பெயர் என்ன? எந்த ஊரிலேர்ந்து வந்தீங்க?" என்று கேளுங்கள். பாத்திரத்தின் பெயரைச் சொன்னால் ஆட்டம் நின்றுவிட்டது என்று தெளிவாகச் சொல்லி மறுபடி கேளுங்கள். அப்போதும் குழப்பமாகவே பேசினால் அது நடிப்பில்லை. வெயிலில் சோர்ந்து போனவர் நிழலில் படுத்து, கனத்த உடையைக் கழற்றி, தண்ணீர் குடித்தால் அரை மணி நேரத்தில் தெளிய வேண்டும். தெளியாவிட்டாலும், தொடக்கத்திலேயே குழப்பமோ வலிப்போ மயக்கமோ இருந்தாலும் அது வெப்பவாதம். 999 அழைத்துவிட்டு, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சங்கிலிக் கவசத்தைக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாது. நினைவோடு இருப்பவர் இடுப்பை மடக்கிக் குனிந்து கைகளை நீட்டினால் அதன் கனத்திலேயே தலைவழியாக வழுக்கி விழுந்துவிடும். கழுத்தில் அடி என்று சந்தேகம் இருந்தால் இதைச் செய்யவே கூடாது. தகட்டுக் கவசத்தின் தோல் வாரை வெட்டத் தயங்காதீர்கள், அது எத்தனை விலை என்றாலும். மூச்சு நின்றுபோனவருக்குக் கவசத்தை மார்புக்கு மேலே மோவாய் வரை தள்ளிவிட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்த வேண்டும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியின் பட்டைகள் ஈரமில்லாத வெறும் தோலில் ஒட்ட வேண்டும், இரும்பின் மேல் அல்ல. அந்தக் கருவி முகாமில் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

வாள்கள் நுரையால் ஆனவை. மேலே லேடெக்ஸ் பூச்சு, நடுவில் கண்ணாடியிழைக் கம்பி. நுரை தேய்ந்தால் நுனியில் கம்பி எட்டிப் பார்க்கும். குத்துவதையும் தலையில் அடிப்பதையும் பெரும்பாலான முகாம்கள் தடை செய்திருப்பது இதனால்தான். அம்பு நுனியைக் கண்குழிக்குள் போகாதபடி அகலமாகச் செய்வதும், 30 பவுண்டுக்கு மேல் இழுவிசை உள்ள வில்லைப் பல இடங்களில் விடாததும் இதே காரணத்தால்தான். ஆயுதச் சோதனை ஒவ்வொரு முகாமிலும் புதிதாக நடக்க வேண்டும். உங்கள் வாளை யாரும் வளைத்துப் பார்க்காமல், அழுத்திப் பார்க்காமல் அனுப்பிவைத்தால் எதிரியின் வாளையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாளைவிட வழுக்கும் சேறும், மர வேரும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாத கூடாரக் கயிறும் ஆளைக் கீழே தள்ளும். விழுந்து தலை மோதியவர் மயங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் வந்தாலோ, தூக்கக் கலக்கமாகவே இருந்தாலோ உடனே மருத்துவமனை. இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் அவரைக் கூடாரத்தில் தனியே படுக்க விடாதீர்கள். சமையல் நெருப்பில் சுட்டால் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம். பற்பசை, வெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். அணைந்ததாகத் தோன்றும் கரி அடுப்பைக் குளிருக்காகக் கூடாரத்துக்குள் எடுத்துப் போகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். வீடு திரும்பியதும் உண்ணி கடித்திருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பாருங்கள். இருந்தால் நுண்ணிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். அடுத்த வாரங்களில் வட்டமாகத் தடிப்பு பரவினால் லைம் நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனம் காயப்படுவதும் உண்டு. சிறைப்பிடிப்பு, விசாரணை, அவமானம் எல்லாம் கதையில் வரும். நார்டிக் நாடுகளின் லார்ப்பில் 'கட்' என்றால் காட்சி நிற்க வேண்டும், 'பிரேக்' என்றால் வேகம் குறைய வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. வேடத்தின் மறைவில் யாராவது உங்கள் உடம்பைத் தொட்டால் அது விளையாட்டு விதிமீறல் மட்டும் இல்லை, குற்றம். இங்கிலாந்தில் பாலியல் தாக்குதலுக்கான உதவி மையங்களுக்குப் போலீஸில் புகார் கொடுக்காமலேயே நேரில் போகலாம். பிறகு புகார் தருவதா என்பது உங்கள் முடிவு.

அடுத்தது அந்தக் கையெழுத்து. 'என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன், எது நடந்தாலும் அமைப்பாளர் பொறுப்பல்ல' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன கேட்க முடியும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தவறு. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம், 65ஆம் பிரிவு: கவனக்குறைவால் நேர்ந்த மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ வணிகர் தன் பொறுப்பை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் கழற்றிவிட முடியாது. அந்த வாசகத்துக்கு ஒப்புக்கொண்டீர்கள் என்பதாலேயே ஆபத்தை மனமுவந்து ஏற்றதாகவும் ஆகாது. ஜெர்மனியில் குடிமைச் சட்டம் 309ஆம் பிரிவு அச்சிட்ட நிபந்தனைகளில் இத்தகைய வாசகத்தைச் செல்லாததாக்குகிறது. இங்கிலாந்தில் நிலத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தவர்களின் பாதுகாப்பில் கடமை உண்டு.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். நுரை வாள் பட்டுத் தொடை கன்றிப்போவது விளையாட்டோடு வருவது. அதற்கு யாரும் ஈடு தர மாட்டார்கள். கம்பி தெரியும் வாளைச் சோதனையில் விட்டது, மூடாத பள்ளத்துக்குப் பக்கத்தில் இரவுச் சண்டை வைத்தது போன்றவைதான் கவனக்குறைவு. லாபம் நோக்காத சிறு நண்பர் குழு 'வணிகர்' ஆகுமா என்பது சிக்கலான கேள்வி. டிக்கெட் வாங்கும் முன் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராத முகாமுக்குப் போக நான் யாரையும் ஊக்குவிக்க மாட்டேன்.

அடிபட்டால் முகாமின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். வாள், பள்ளம், கயிறு எதுவானாலும் சரிசெய்யும் முன் படம் வேண்டும். சாட்சிகளின் வேடப் பெயரை வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து ஆளைத் தேட முடியாது. நிஜப் பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்குங்கள். காயம் சிறிதென்றாலும் மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வழக்குத் தொடர இங்கிலாந்தில் காயத்திலிருந்து மூன்று ஆண்டு. ஜெர்மனியிலும் மூன்றுதான், ஆனால் பொதுவாக அந்த ஆண்டு முடிவிலிருந்து எண்ணுவார்கள். 'வென்றால்தான் கட்டணம்' என்று வரும் வழக்கறிஞர், இங்கிலாந்தில் வெற்றிக் கட்டணமாக உங்கள் இழப்பீட்டில் எடுக்கக்கூடியதற்கு 25 சதவீத உச்சவரம்பு உண்டு. அவரிடம் போகுமுன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாகக் கேட்டுக்கொள்ளலாம். முழு மருத்துவ அறிக்கை வருமுன் காப்பீட்டு நிறுவனம் நீட்டும் முதல் தொகைக்குச் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

அடிபட்டது பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் இங்கிலாந்தில் அந்த மூன்று ஆண்டு பதினெட்டாவது பிறந்தநாளில்தான் தொடங்கும். இருபத்தொன்று வரை நேரம் இருக்கிறது. அதற்குள் பெற்றோர் ஒரு தொகைக்கு உடன்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், நீதிமன்றம் ஒப்புதல் தராத வரை அந்த உடன்பாடு பிள்ளையைக் கட்டுப்படுத்தாது.