ஐடி ரிட்டர்ன் நகலைத் திரும்ப வாங்குவது எப்படி?

ஊருக்கு ஊர் ஒரு ‘ஆடிட்டர்’ இருக்கிறார். சிஏ முடித்தவர் அல்லர். ஆடிட்டர் ஆபீசில் சில வருடம் வேலை பார்த்தவராகவோ பிரவுசிங் சென்டர் நடத்துபவராகவோ இருப்பார். ஜூலை மாதம் ஃபார்ம் 16-ஐயும் பான், ஆதார் ஜெராக்சையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தால், “போட்டாச்சு சார்” என்று போனில் சொல்வார். அதோடு நாமும் மறந்துவிடுவோம். வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போதோ வருமான வரித்துறை நோட்டீஸ் வரும்போதோதான் கையில் ஒரு தாளும் இல்லை என்பது உறைக்கும். அவரோ போனை எடுக்க மாட்டார்.

பதற வேண்டாம். ரிட்டர்ன் நகலுக்கு அவர் தயவு தேவையில்லை. உங்கள் பான் எண்ணில் தாக்கலான ரிட்டர்ன் வருமான வரித்துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தக் கணக்கில் பல நேரம் அவருடைய செல்போன் எண்ணும் அவர் உருவாக்கிய மின்னஞ்சலும்தான் பதிவாகியிருக்கும். அதனால் அவரோடு மல்லுக்கட்டும் முன்பு கணக்கை உங்கள் கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இன்கம்டாக்ஸ்.கவ்.இன் தளத்தில் பான் எண்தான் யூசர் ஐடி. ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினால் ஓடிபி எங்கே வர வேண்டும் என்று கேட்கும். இங்கேதான் கவனம் வேண்டும். தளத்தில் பதிவான எண்ணைத் தேர்ந்தெடுத்தால் ஓடிபி அவருக்குப் போய்விடும். ஆதாரோடு இணைந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பானும் ஆதாரும் இணைந்திருந்தால் ஓடிபி உங்கள் போனுக்கே வரும். ஆதாரில் பழைய எண் இருந்தால் ஆதார் சேவை மையத்தில் மாற்றிக்கொண்டு வர வேண்டும். நெட் பேங்கிங் வைத்திருப்பவர்கள் தங்கள் வங்கித் தளம் வழியாகவும் உள்ளே போகலாம். நுழைந்ததும் முதல் வேலையாக ‘மை புரொஃபைல்’ பகுதியில் செல்போன் எண், மின்னஞ்சல் இரண்டையும் உங்களுடையதாக மாற்றுங்கள். சிக்கினால் 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

அடுத்து ‘இ-ஃபைல்’ பட்டியலில் தாக்கலான ரிட்டர்ன்களைப் பாருங்கள். ஆண்டுவாரியாக இருக்கும், 2023-24 வருமானத்துக்கான ரிட்டர்ன் 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டுக்கும் அக்னாலெட்ஜ்மென்ட், முழுப் படிவம், துறை அனுப்பிய 143(1) இன்டிமேஷன் மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். அக்னாலெட்ஜ்மென்ட் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயரில் என்ன சொல்லப்பட்டது என்பது முழுப் படிவத்தில்தான் தெரியும். இன்டிமேஷன் திறக்கப் பாஸ்வேர்டு கேட்கும்: பான் எண்ணைச் சிறிய ஆங்கில எழுத்தில் தட்டி, இடைவெளி விடாமல் பிறந்த தேதியைச் சேருங்கள். 1985 மே 4 என்றால் 04051985. கூடவே 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டால் யார் எவ்வளவு டிடிஎஸ் பிடித்தார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு அங்கே ஒன்றுமே இல்லையென்றால் ரிட்டர்ன் போடப்படவே இல்லை என்று பொருள். போட்டும் 30 நாளுக்குள் சரிபார்ப்பு முடிக்காமல் விட்டிருந்தால் அதுவும் போடாததற்குச் சமம்தான்.

முழுப் படிவத்தில் கழிவுகளை வரிவரியாகப் பாருங்கள். நீங்கள் கொடுக்காத நன்கொடை, கட்டாத வாடகை, எடுக்காத மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? ரீஃபண்ட் கூடுதலாக வாங்கித் தருகிறேன் என்பவர்கள் செய்கிற வேலை இது. 2025 ஜூலையில் வருமான வரித்துறை இப்படிப்பட்டவர்களைக் குறிவைத்து நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் சோதனை நடத்தியது. மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் உருவாக்கிப் பிறகு கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடக்கின்றன என்றும் துறை அப்போது சொன்னது. பொய்க் கழிவுக்குப் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்; தவறான தகவல் தந்ததற்கான அபராதம் வரியில் 200 சதவீதம். துறை கேட்கும் முன்பே திருத்திய ரிட்டர்னோ, கெடு முடிந்திருந்தால் கூடுதல் வரியோடு அப்டேட்டட் ரிட்டர்னோ போடுவது நல்லது. இதற்குப் பதிவுபெற்ற ஒரு சிஏவிடமே போங்கள்.

இணையதளத்தில் கிடைக்காதவையும் உண்டு. ரிட்டர்னோடு ரசீதுகளை இணைப்பதில்லை என்பதால், எல்ஐசி ரசீது, வாடகை ரசீது, கணக்குப்போட்ட கம்ப்யூடேஷன் தாள் ஆகியவை அவரிடமே தங்கியிருக்கும். இவற்றை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், பதிவாக இருக்கும். “வணக்கம் அண்ணே. 2022-23 முதல் நீங்க போட்ட என் ரிட்டர்ன்களோட கம்ப்யூடேஷன், நான் குடுத்த ஒரிஜினல் ரசீதுகள், வரி கட்டின செலான் எல்லாம் வேணும். பேங்க்ல கேக்குறாங்க. சனிக்கிழமை கடைக்கு வந்து வாங்கிக்கிறேன்.” இவ்வளவு போதும். பாக்கிக் கட்டணம் இருந்தால் கொடுத்துவிடுங்கள். அவர் தராவிட்டாலும் எல்ஐசி, வங்கி, வேலை பார்க்கும் அலுவலகம் ஆகியவற்றில் கேட்டால் ரசீதுகளின் நகல் கிடைக்கும்.

அடுத்த ஜூலையில் அதே அண்ணனிடமே போனாலும் போங்கள். ஆனால் கணக்கில் உங்கள் எண்தான் இருக்க வேண்டும். படிவத்தை முழுதாகப் பார்க்காமல் அவருக்கு ஓடிபி சொல்லாதீர்கள்.