பழைய பத்திரத்தில் காணி, பட்டாவில் ஹெக்டேர்: கணக்கிடுவது எப்படி?

திருமுடிவாக்கம், குன்றத்தூர் பகுதிப் பழைய பத்திரங்களில் நிலம் காணி, குழிக் கணக்கில் இருக்கும். பட்டாவிலோ ஹெக்டேர், ஏர்ஸ்.

செங்கல்பட்டு வழக்கில் 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி ஒரு குழி. மெட்ரிக்கில் 53.5 சதுர மீட்டர். 100 குழி ஒரு காணி: 24 கிரவுண்டு, 132 சென்ட், 53.5 ஏர்ஸ். 100 ஏர்ஸ் ஒரு ஹெக்டேர்.

உதாரணமாக, 2 காணி 25 குழி என்றால் 225 குழி. அதாவது 1 ஹெக்டேர் 20.4 ஏர்ஸ்.

காணியை ஏக்கர் என எண்ணி உரமிட்டால் பயிருக்குக் கால் பங்கு குறையும். விற்றால் 32 சென்ட் நஷ்டம்.

தஞ்சைக் குழி 144 சதுர அடிதான். எனவே பத்திரத்தில் உள்ள கோல் அளவையும், சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தையும் ஒப்பிட்ட பிறகே கணக்கை முடிவு செய்யுங்கள்.