ஆயில் ஃபில்டர்: நூறு ரூபாய் ஐட்டத்துல அப்படி என்ன வித்தியாசம் இருக்கப் போகுது?

கார் சர்வீஸ் முடிந்து கைக்கு வரும் பில்லை ஒருமுறை நிதானமாகப் பாருங்க. இன்ஜின் ஆயில், லேபர், வீல் அலைன்மென்ட், வாஷிங் என்று ஆயிரங்களில் ஓடும் பட்டியலுக்கு நடுவே ஒரு வரி மட்டும் சின்னத் தொகையோடு இருக்கும். அதுதான் ஆயில் ஃபில்டர். பெரும்பாலான சின்ன பெட்ரோல் கார்களுக்கு நூறு ரூபாயில் தொடங்கி சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பில்லில் இந்த வரியைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

அதே ஃபில்டரை ஆன்லைனில் தேடினால்தான் குழப்பம் ஆரம்பிக்கும். ஒரே காருக்கு, கார் கம்பெனியின் பெயரில் ஒன்று. பாஷ், மாலே, மான், எலோஃபிக் என்று இன்னொரு வரிசை. கேள்வியே படாத பெயர்களில் பாதி விலைக்கு வேறு சில. கடையில் விசாரித்தால், "எல்லாம் ஒண்ணுதான் சார், பாக்ஸ்தான் வேற" என்ற பதில் வரலாம்.

நிஜமாகவே ஒண்ணுதானா? வெளியே இருந்து பார்த்தால் எல்லாமே பெயின்ட் அடித்த தகர டப்பாதான். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. அங்கே கோட்டை விட்டால் நஷ்டம் நூறு ரூபாயோடு நிற்காது. இன்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டி வரலாம்.

முதல்ல, இதோட வேலை என்ன?

ஓடும் இன்ஜினில் கிராங்க்ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் நேரடியாக உரசுவதில்லை. நடுவில் ஆயில் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அதன் தடிமன் சில மைக்ரான்கள்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

எரிபொருள் எரிவதால் வரும் கரி, ஏர் ஃபில்டரைத் தாண்டி நுழையும் தூசு, பாகங்கள் தேய்ந்து உதிரும் உலோகத் துகள் எல்லாம் கடைசியில் ஆயிலில்தான் சேரும். அந்தப் படலத்தைவிடப் பெரிய துகள் உள்ளே புகுந்தால் உலோகத்தைக் கீறிவிடும். இப்படிக் கீறுபவை பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரான் அளவில் இருக்கும். கண்ணால் பார்க்க முடியாத சைஸ்!

இப்போது வரும் பல சின்ன கார்களில் டர்போ இருக்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவதும் இதே ஆயில்தான்.

டப்பாவுக்குள்ள இருக்கிற நாலு விஷயங்கள்

ஒன்று, வடிதாள். பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த வடிதாளின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். விலை குறைந்த ஃபில்டர்களில் இது மரநார்த் தாள். விலை கூடியவற்றில் கண்ணாடி இழை மாதிரியான செயற்கை இழைகளோ, இரண்டும் கலந்ததோ இருக்கும். செயற்கை இழைகள் ஒரே சீராக, மெல்லியதாக இருப்பதால் சின்னத் துகள்களைப் பிடித்துக்கொண்டே ஆயிலையும் எளிதாக விடுகின்றன. தாள் மடிப்பு மடிப்பாக இருப்பது பரப்பளவைக் கூட்டத்தான். மடிப்புகள் ஒழுங்கில்லாமல் ஒட்டிக்கிடந்தால் பரப்பளவு வீண்.

இரண்டு, ஆன்டி-டிரெயின்பேக் வால்வு. பெயர்தான் பெருசு, உள்ளே இருப்பது ஒரு ரப்பர் வளையம். இன்ஜினை நிறுத்தியதும் ஃபில்டரில் இருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி 'டக டக' சத்தம் வந்து அடங்கினால், இந்த ரப்பர் சரியில்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். சாதாரண நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளடைவில் இறுகிப்போகும். சிலிக்கோன் அதைவிட அதிகமாகச் சூடு தாங்கும்.

மூன்று, பைபாஸ் வால்வு. டீ வடிகட்டியில் தூள் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? டீ கீழே இறங்காது. இன்ஜினில் அப்படி ஆனால் பேரிங்குக்கு ஆயிலே போகாமல் சீஸ் ஆகிவிடும். அதனால் தாள் அடைத்துக்கொண்டாலோ, ஆயில் ரொம்ப கெட்டியாக இருந்தாலோ, அழுத்தம் கூடியதும் இந்த வால்வு திறந்து ஆயிலை வடிகட்டாமலேயே அனுப்பிவிடும். ஆயிலே இல்லாமல் இருப்பதற்கு அழுக்கு ஆயில் பரவாயில்லை என்ற கணக்கு. எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் வால்வு சும்மா சும்மா திறந்து, ஃபில்டர் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் தாளே கிழியலாம்.

நான்கு, கேஸ்கட்டும் டப்பாவும். ஆயில் அழுத்தம் முழுவதையும் கசியாமல் தாங்க வேண்டியவை இவைதான்.

சில கார்களில் தகர டப்பா இருக்காது. பிளாஸ்டிக் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் தாள் உருளையை மட்டும் மாற்றுவார்கள். இதுதான் கார்ட்ரிட்ஜ் வகை. இதில் பைபாஸ் வால்வு பெரும்பாலும் இன்ஜினோடு இருக்கும் கூட்டிலேயே அமைந்திருக்கும்.

'99 சதவீதம் வடிகட்டும்' என்றால் என்ன அர்த்தம்?

மைக்ரான் கணக்கு கூடவே இல்லையென்றால் ஒரு அர்த்தமும் இல்லை. 40 மைக்ரான் துகளில் 99 சதவீதத்தைப் பிடிப்பது பெரிய விஷயமே இல்லை. 20 மைக்ரானில் 95 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் அதைவிட நல்லதாக இருக்கலாம்.

நியாயமாக ஒப்பிட ஒரு சர்வதேசப் பரிசோதனை முறை இருக்கிறது: ஐஎஸ்ஓ 4548-12. சோதனைத் தூசு கலந்த ஆயிலைத் திரும்பத் திரும்ப ஃபில்டர் வழியாக ஓடவிட்டு, உள்ளே போகும் துகள்களையும் வெளியே வருபவற்றையும் எண்ணுவார்கள். அடைத்துக்கொள்வதற்குள் எத்தனை கிராம் தூசு பிடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். சில நிறுவனங்கள் இதை 'பீட்டா' எண்ணாகச் சொல்லும். பீட்டா 2 என்றால் 50 சதவீதம், 20 என்றால் 95, 100 என்றால் 99.

இரண்டு கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ரொம்பச் சின்னத் துகளையும் விடாத ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொண்டு பைபாஸ் திறந்துவிட்டால் என்ன லாபம்?

இந்த வித்தியாசம் இன்ஜினில் தெரியுமா? தெரியும் என்கிறது 1988-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் அமெரிக்காவின் எஸ்ஏஇ அமைப்பு வழியாக வெளியிட்ட ஆய்வு. 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால், 30 மைக்ரான் ஃபில்டரில் தேய்மானம் 50 சதவீதமும், 15 மைக்ரானில் 70 சதவீதமும் குறைந்தது. ஒன்றைக் கவனிக்கணும்: அது வேண்டுமென்றே தூசு கலந்து வேகமாகத் தேயவைத்த சோதனை. ரோட்டில் இதே அளவு வித்தியாசத்தை எதிர்பார்க்க முடியாது.

பிராண்ட் பெயரை நம்பலாமா?

பாதி நம்பலாம். கார் கம்பெனிகள் பொதுவாக ஃபில்டரைத் தாங்களே தயாரிப்பதில்லை. ஃபில்டர் நிறுவனங்களிடம் செய்து வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. பிராண்டுகளும் கைமாறுகின்றன. 1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் கண்டுபிடித்த ஆயில் ஃபில்டரின் பெயர் 'ப்யூரோலேட்டர்'. அமெரிக்காவில் அந்தப் பிராண்ட் இன்று ஜெர்மனியின் மான் ஹம்மல் கையில் இருக்கிறது. இந்தியாவில் அதே பெயரில் ஃபில்டர் விற்றுவந்தது மாலே - ஆனந்த் கூட்டு நிறுவனம். ஒரே பெயர், ஆனால் ஆள் வேற!

ஆகவே, பெயர் தெரிந்த இரண்டு நிறுவனங்களில் எது 'நம்பர் ஒன்' என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் காருக்கான சரியான பார்ட் நம்பரில், ஒரிஜினலாக, நேரத்துக்கு மாற்றினால் இரண்டுமே வேலையைச் செய்யும். நிஜமான ஆபத்து போலியில் இருக்கிறது.

போலி ஏன் ஆபத்து?

விலை குறைந்த ஒரிஜினலில் தாள் சுமாராக இருக்கலாம். ஆனாலும் நாலு பாகங்களும் இருக்கும், வால்வு குறித்த அழுத்தத்தில் திறக்கும். போலியில் அந்த உத்தரவாதமே கிடையாது. தாள் சரியாக ஒட்டப்படாமல் இருக்கலாம், வால்வு பெயருக்கு இருக்கலாம். காரில் மாட்டிய பிறகு உங்களுக்கு எதுவும் தெரியாது. கார் வழக்கம்போல ஓடும், எந்த லைட்டும் எரியாது. தேய்மானம் வெளியே தெரிய ஆண்டுக்கணக்காகும். அப்போது யாரும் ஃபில்டரைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

போலி வணிகமுத்திரையுடன் பொருள் விற்பது வணிகமுத்திரைச் சட்டம் 1999-இன்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். ஆனால், பில் இல்லாமல் வாதாடுவது கஷ்டம்.

சரி, அப்போ எப்படி வாங்குறது?

* மேனுவலில் அல்லது பழைய ஃபில்டரில் இருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்க. மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடலின் ஃபில்டரை மாட்டாதீங்க. பைபாஸ் அழுத்தம் மாறியிருக்கலாம்.

* அங்கீகரிக்கப்பட்ட டீலர் அல்லது நிறுவனத்தின் சொந்த ஆன்லைன் கடையில் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்க. வாரன்டி பிரச்சினை வந்தாலும் இந்த பில்தான் பேசும்.

* அச்சில் எழுத்துப்பிழை, மங்கலான லோகோ, ஸ்கேன் ஆகாத க்யூஆர் கோடு, நம்ப முடியாத தள்ளுபடி. இதில் எது இருந்தாலும் வேண்டாம்.

* கேஸ்கட் பள்ளத்தில் சீராக உட்கார்ந்திருக்கிறதா, மரையில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்க.

* காலிப் பெட்டியைக் கிழித்துப் போடுங்க. பழைய பெட்டிதான் போலிக்குப் புதுச் சட்டை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் கேஸ்கட் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. அதன் மேலேயே புதியதை மாட்டினால் ரெண்டு கேஸ்கட் சேர்ந்து, கொஞ்ச தூரத்திலேயே ஆயில் முழுவதும் வெளியே கொட்டிவிடலாம். புது கேஸ்கட்டில் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையாலேயே திருகி, தொட்டதும் இன்னும் சுமார் முக்கால் சுற்று. பல ஃபில்டர்களின் மேலேயே இப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள். ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம்.

எப்போது மாற்றுவது? பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது, ஆயிலோடு சேர்த்து. டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து ஓடுகிற, தினமும் கொஞ்ச தூரமே போகிற, தூசு நிறைந்த ரோட்டில் ஓடுகிற கார்களுக்கு மேனுவல்களில் 'கடினமான பயன்பாடு' என்று தனி அட்டவணை இருக்கும். சென்னையில் ஆபீஸ் போய்வரும் கார்களில் பல இந்த ரகம்தான்.

பைக்குக்கு? எல்லா பைக்கிலும் தாள் ஃபில்டர் கிடையாது. பல்சர், ராயல் என்ஃபீல்டு மாதிரியான வண்டிகளில் உண்டு. ஸ்பிளெண்டரில் கம்பி வலையும், சுழற்சியில் அழுக்கை ஒதுக்கும் மையவிலக்கு ஃபில்டரும்தான். ஆக்டிவாவில் வெறும் வலை. அந்த வண்டிகளுக்கு பில்லில் 'ஆயில் ஃபில்டர்' என்று ஒரு வரி வந்தால், என்ன மாற்றினார்கள் என்று கேளுங்க.

அடுத்த சர்வீஸில் ஒன்று செய்யுங்க. மாட்டுவதற்கு முன்னால் புது ஃபில்டரைப் பெட்டியோடும், கழற்றிய பழசையும் காட்டச் சொல்லுங்க. போட்டோ எடுத்து வைத்தால் அடுத்த முறை பார்ட் நம்பர் தேடவும் உதவும். ரெண்டே நிமிஷ வேலைதான். 'ஃபில்டர் மாற்றப்பட்டது' என்று பில்லில் இருப்பது உண்மைதானா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.